பாயிண்ட் அய்யனார்

உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் சட்டென்று எழுந்து நின்றது. "பாத்தியா மச்சான், இதான் பாயிண்ட்டு!" என்று கத்தினான் அய்யனார்.

செல்லமுத்துவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. தண்ணிக்காக ஏற்கெனவே போட்ட ரெண்டு போரிலும் வெறும் புகைதான் வந்தது. இந்த மூணாவதும் வெறும் காத்தாகிப் போனால் இருக்கிற ரெண்டு ஏக்கர் கரும்பும் சருகாகிவிடும். அப்புறம் புருசனும் பெண்டாட்டியும் அடுத்தவன் நிலத்தில் கரும்பு வெட்டத்தான் போக வேண்டும்.

கச்சிராயபாளையம் சுற்றுவட்டாரத்தில் அவனுக்குப் பேரே பாயிண்ட் அய்யனார். போர் போட இடம் பார்த்துச் சொல்கிறவன் என்பதால் மட்டும் இல்லை, மனுசன் அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையை விட்டால் ஊமை. எருமைப் பால் எத்தனை பாயிண்ட், பெண்டாட்டிக்கு ரத்தம் எத்தனை பாயிண்ட், புது வீட்டில் பிளக் பாயிண்ட் எத்தனை என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருப்பான். வெளியூர் போனால் பாயிண்ட் டூ பாயிண்ட் பஸ்ஸில்தான் ஏறுவான். பஞ்சாயத்தில் உட்கார்ந்தால் மூணு மணி நேரம் பேசித் தீர்த்துவிட்டு, "இப்ப பாயிண்ட்டுக்கு வரேன்" என்பான்.

"ஏண்ணே" என்றாள் செல்லமுத்துவின் மனைவி பெரியநாயகி. "எருமைக்கும் பாயிண்ட்டு, மனுசிக்கும் பாயிண்ட்டு. கரெண்டு வர ஓட்டையும் பாயிண்ட்டு, தண்ணி வர ஓட்டையும் பாயிண்ட்டு. வெள்ளக்காரன் ஒங்களுக்கு இந்த ஒரு வார்த்தையதான் குடுத்துட்டுப் போனானா?"

"பாயிண்ட்டான கேள்வி தங்கச்சி" என்றான் அய்யனார், சிரிக்காமல்.

"வாய மூடிக்கினு இரு. சாமி காரியத்துல வெளையாடாத" என்று செல்லமுத்து அவளை முறைத்தான்.

அவளாவது மூடுவதாவது! "த பாருங்க, வரப்புலேர்ந்து நாலு அடிகூட இல்ல. அந்தாண்ட உங்க அண்ணன் நெலம். நாளைக்குத் தண்ணி வந்தா, ஊத்து என் பக்கம்தான் இருக்குதுன்னு பங்கு கேட்டுக்கினு வந்து நிப்பாரு. பத்தடி உள்ள தள்ளிப் போட்டா இன்னா?"

அய்யனாருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "பத்தடியா? அரை அடி தள்ளினாலும் பாறைதான் தங்கச்சி. பாயிண்ட்டுன்னா பாயிண்ட்டுதான். இன்னா, வாசல்ல கோலம் போடறன்னு நெனச்சிக்கினியா, இஷ்டத்துக்குத் தள்ளிப் போடறதுக்கு?" மஞ்சள் தடவிய ஒரு கல்லை அங்கே வைத்து, அதன் தலையில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் உட்கார வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு போர் வண்டி வந்தது. அண்ணன் வரப்பில் ஏறாமலே வண்டி திரும்பி நின்றுவிட்டதில் செல்லமுத்துவுக்குப் பாதி நிம்மதி. அண்ணன்காரன் ஒரு சண்டைக்குக் காத்திருந்தவன், ஏமாந்து வீட்டுக்குப் போய்விட்டான்.

அய்யனார் கற்பூரம் ஏற்றினான். கல்லை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தைக் கால் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். "அடியில ஓடுது மச்சான். கால்ல குறுகுறுங்குது. தைரியமா வுடச் சொல்லு!"

இருநூறு அடி போனது, புகை. முந்நூறு அடி, அதே புகை. பாறைத்தூள் படிந்து செல்லமுத்துவின் தலையும் மீசையும் மாவாக வெளுத்துவிட்டன.

பெரியநாயகி வேப்பமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் பல்லில் பச்சைத் தண்ணி படவில்லை, அய்யனாரை ஒரு கிண்டலும் பண்ணவில்லை. உதடு மட்டும் ரிஷிவந்தியத்து சாமியைக் கூப்பிட்டு முணுமுணுத்தபடி இருந்தது. பாவம், என்ன வாய் பேசினாலும் இவளுக்கும் பயம் இருக்கத்தானே செய்யும் என்று செல்லமுத்து நினைத்துக்கொண்டான்.

முந்நூற்று நாற்பதில் வண்டிக்காரர் கையைத் தூக்கினார். "பாறைதாங்க வருது. நிறுத்திடலாமா?"

"இன்னும் ஒரே ஒரு ராடு வுடுங்கண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்!" ஓடி வந்து கத்தினாள் பெரியநாயகி.

அந்த இருபதடி இரும்பு ராடு பாதி இறங்கும்போது புகை நின்றது. முதலில் செம்மண் குழம்பு வந்தது. அப்புறம் அடித்தது பாருங்கள் தண்ணீர், பனை உயரத்துக்கு!

"மூணு இஞ்சுத் தண்ணிக்குக் கொறையாது" என்றார் வண்டிக்காரர். செல்லமுத்து ஓவென்று அழுதுவிட்டான். அழுதுகொண்டே தன் துண்டை அய்யனார் கழுத்தில் மாலையாகப் போட்டு, ஆளை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நாலு பேர் தங்கள் நிலத்துக்கும் பாயிண்ட் பார்க்க அங்கேயே நாள் கேட்டார்கள்.

"இதுலேர்ந்து அரை அடி தள்ளியிருந்தா வெறும் காத்துதான் வந்திருக்கும்" என்று துண்டைச் சரிசெய்தபடியே அவர்களுக்கு விளக்கினான் அய்யனார்.

செல்லமுத்து பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "கேட்டுக்கினியா? ஒம் பேச்சக் கேட்டுப் பத்தடி தள்ளிப் போட்டிருந்தா நம்ம கதி இன்னா ஆயிருக்கும்?"

பெரியநாயகி முகத்தில் வழிந்த சேற்றுத் தண்ணீரை முந்தானையால் துடைத்தாள். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, புருசன் காதோரம் குனிந்தாள்.

"காலையில மாடு கட்ட வந்தப்பவே அந்தக் கல்ல நான் பத்தடி தள்ளி வெச்சுட்டேங்க."