காதில் விழாத பெயர்

திருப்பூர் பனியன் கம்பெனியில் எல்லோர் காதிலும் பேச்சுக்கருவி மாட்டியதிலிருந்து சண்டையே கிடையாது. யார் எந்தப் பாஷையில் வைதாலும், அது பதமாக்கி அவரவர் பாஷையில் சொல்லிவிடும். அந்தத் தைரியத்தில்தான் செக்கிங் மேஜை துளசிமணி, எதிரே உட்காரும், ஜார்க்கண்டிலிருந்து வந்த சந்தாலிப் பெண்ணை மூன்று வருஷமாக "ஏய் வடக்கத்திக்காரி" என்றே கூப்பிட்டு வந்தாள்.

இன்று மத்தியானம் துளசிமணி கருவியைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது, அந்தப் பெண்ணும் தன்னுடையதைக் கழற்றி வைத்துவிட்டு, டிபன் டப்பாவை நீட்டினாள். மழலைத் தமிழில், "வடக்கத்திக்காரி, சாப்புடுங்க" என்றாள்.

துளசிமணிக்குச் சுருக்கென்றது. "ஆரைச் சொல்ற? நான் இந்த ஊர்க்காரி!"

பெண்ணின் முகம் வாடிவிட்டது. "நீங்க என்னை அப்படிக் கூப்பிட்டா, காதுல எங்க பாஷைல 'கூடப்பொறந்தவளே'ன்னு வரும். உங்க வாயைப் பார்த்துப் பார்த்து முதல்ல அதைத்தான் படிச்சேன். தப்புங்களா?"

துளசிமணி டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தப்பில்ல அம்மிணி."

சாயங்காலம், இருவர் கருவியும் மேஜையிலேயே கிடக்க, சூப்பர்வைசர் வாசலில் நின்று, "ஏய் வடக்கத்திக்காரி!" என்று கத்தினார்.

இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.