பதினேழாம் தொட்டி

“சார், ஜெயபாயோட பதினேழாம் தொட்டியை ஒருக்க பாருங்க. பூவெல்லாம் மலடு!”

பாளையத்து ஆராய்ச்சித் தோட்டத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான் மூத்த ஆராய்ச்சி மாணவன் குற்றாலலிங்கம். ஆறு மாதம் முன்னால் வந்து சேர்ந்த ஜெயபாயைப் பேராசிரியர் புகழும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரியும். இன்றைக்கு அது குளிரப்போகிறது.

பேராசிரியர் பகவதிப்பெருமாள் அந்த மிளகாய்ச் செடியில் ஒரு பூவைக் கிள்ளி, மகரந்தத்துக்குச் சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார். ஒரு துகளில்கூடச் சாயம் ஏறவில்லை. அத்தனையும் வெறும் சக்கை. ஜெயபாயின் முகம் வெளுத்துவிட்டது.

“எடோ, இதைத்தானே ஆறு வருஷமா தேடுறேன்!” என்று துள்ளி எழுந்தார் பேராசிரியர். “கலப்பு விதைக்காக, செடி தன் மகரந்தத்திலேயே காய்ச்சிரக் கூடாதுன்னு மொட்டு மொட்டாப் பிரிச்சு, மகரந்தப்பையைக் கிள்ளிக் கிள்ளியே என் கண்ணு போச்சு. இந்தச் செடிக்கு அந்த வேலையே வேண்டாம். இது பரம்பரைக் குணம்னு மட்டும் தெளிஞ்சா, ரகத்துக்கு ஜெயபாய் பேருதான்!”

ஜெயபாய் குற்றாலலிங்கத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். “அண்ணன் சொல்லலைன்னா நான் பிடுங்கி எறிஞ்சிருப்பேன்.”

“முதல்ல பார்த்துச் சொன்னது நீதானே? சாட்சிக் கையெழுத்துப் போடு” என்று நோட்டை அவனிடம் நீட்டினார் பேராசிரியர்.

போட்டான். நேற்று சாயங்காலம் தன் செடி மலடு என்று தெரிந்தவுடன், யாரும் பார்க்காத நேரத்தில் அவளுடைய பதினேழாம் எண் சீட்டைத் தன் தொட்டியில் மாற்றிக் கட்டியதும் அதே கைதான்.