அரை விரற்கடை

"அசையாத மாப்ளே. அமுங்கிடுவ" என்றான் மச்சான்.

நான் கைவண்டியில் மல்லாந்து கிடந்தேன். முதுகுக்கு அடியில் இரண்டு சாக்கு. தலையணை கூடவே கூடாது என்று சொல்லிவிட்டான்.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மின்கம்பிகளும், மாடிக்கொடியில் காயும் சட்டைகளும், ஒரு காக்கையும் எனக்கு மேலே பின்பக்கமாக நகர்ந்துபோயின. இத்தனை வருஷம் குனிந்து மூட்டை சுமந்தவன் நான். இந்தத் தெருவுக்கும் வானம் உண்டு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எல்லாம் ஒரு துணுக்கால் வந்தது.

நாற்பதுக்கு மேல் எழுத்துக் கற்றவனுக்குப் பொட்டலக் காகிதத்தைக்கூடச் சும்மா கசக்கிப் போட மனசு வராது. அப்படி ஒரு காகிதத்தில் இருந்த துணுக்கை எழுத்துக் கூட்டி மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். மாலையில் இருப்பதைவிடக் காலையில் மனிதன் உயரமாக இருப்பானாம். முதுகெலும்பின் கணுக்களுக்கு நடுவே மெத்தை மாதிரி வட்டுகள் இருக்கின்றன. அவை பகலெல்லாம் உடம்பின் பாரத்தில் அமுங்கி, இரவு படுத்ததும் நீரை இழுத்து மறுபடி உப்புமாம். எழுந்து நின்ற ஒரு மணி நேரத்துக்குள் பாதி போய்விடுமாம்.

"அவனவன் உடம்புக்கே அந்தக் கதின்னா, மூட்டையையும் சேத்துத் தூக்குறவனுக்கு?" என்று கேட்டான்.

அதைப் பற்றித் துணுக்கில் ஒன்றும் இல்லை.

எனக்குக் கிடங்கு வாசலில் காவலாள் வேலை கிடைத்தாக வேண்டும். ஆசைக்காக இல்லை. முதுகில் ஒரு வட்டு பிதுங்கிவிட்டது. இன்னொரு மூட்டை ஏற்றினால் கால் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காவல் வேலைக்கு அவர்கள் கேட்டது உயரம் ஒன்றுதான். ஐந்தடி ஐந்தங்குலம்.

சாயங்காலம் கதவு நிலையில் கோடு போட்டு நின்று பார்த்தேன். அரை விரற்கடை குறைந்தது. மறுநாள் பாயிலிருந்து எழுந்த கையோடு போய் நின்றேன். தொட்டது.

ஆனால் கிடங்கு ஒரு மணி நேர நடை. நடந்தால் அமுங்கும். பஸ்ஸில் உட்கார்ந்தாலும் குலுக்கலில் அமுங்கும். மச்சான்தான் யோசித்து வண்டியோடு வந்து நின்றான்.

"எங்கண்ணனுக்கும் உங்களுக்கும் சேத்து இருந்ததே ஒரு மூளை. அதையும் இன்னைக்கு வண்டில ஏத்தியாச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டாள் என் வீட்டுக்காரி. அடித்துக்கொண்டே சாக்கை உதறி விரித்தவளும் அவள்தான்.

எனக்கும் மச்சானுக்கும் இம்மி பிசகாமல் ஒரே உயரம். லாரியிலிருந்து இரும்புப் பெட்டி இறக்கும்போதெல்லாம் எங்கள் இரண்டு பேரையும்தான் ஜோடி சேர்ப்பார்கள். உயரம் ஏறுமாறாக இருந்தால் பாரம் முழுக்கக் குள்ளன் தோளுக்குச் சரிந்துவிடும். அப்படி ஜோடி சேர்ந்து சுமந்த பழக்கத்தில்தான் தங்கையை எனக்குக் கட்டிவைத்தான்.

தெருமுனையில் கூடையோடு வந்த ஓர் அம்மாள் ஒதுங்கி நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"எப்பப்பா போச்சு?"

"இன்னும் போகலம்மா. வேலைக்குத்தான் போயிட்டிருக்காரு."

எனக்கு வயிறு குலுங்கியது.

"சிரிக்காத. சிரிச்சாலும் அமுங்கும்" என்று அதட்டினான். அதுவும் துணுக்கில் இல்லை.

மேடு வந்தது. அவன் மூச்சு இரைப்பது என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. இறங்கி நடக்கட்டுமா என்றேன்.

"பொணம் பேசக் கூடாது மாப்ளே."

கிடங்கு வாசலில் நீண்ட வரிசை. என்னை வண்டியிலேயே கிடக்கவிட்டு வரிசையில் அவன் போய் நின்றான். முறை வந்ததும் ஓடிவந்து, கழுத்துக்கும் இடுப்புக்கும் கை கொடுத்து, முட்டைக்கூடையை இறக்குவதுபோல என்னை இறக்கி நிறுத்தினான்.

சுவரில் ஐந்தடி ஐந்தங்குலத்தில் ஒரு பலகை அறைந்திருந்தது. கீழே ஒரு சின்ன மேடை. ஏறி நின்றேன். உச்சந்தலை பலகையில் இடித்தது.

"சரி. அந்தப் பக்கம் போ" என்றார் அளவெடுப்பவர்.

அந்தப் பக்கம் போய் நின்று, சிரித்த வாயோடு மச்சானைத் தேடினேன். என்னை இறக்கிவிட்டவன் மறுபடி வரிசையில் போய் நின்றிருந்தான். குனியாமல், ஒரு காலால் மறு காலின் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"நீ கூட வந்தவன்தானே?"

"பேரு குடுத்திருக்கேன் சார். போன வாரமே."

மேடையில் ஏறினான். கழுத்தை நீட்டினான். முகவாயைத் தூக்கினான். முதுகுச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. பலகைக்கும் அவன் தலைக்கும் நடுவில் வெள்ளைச் சுவர் ஒரு கோடாகத் தெரிந்தது.

"அரை விரற்கடை கம்மிப்பா."

"பொண்ணு குடுத்தவன் சார்" என்றான் மச்சான். "மாப்பிள்ளையவிட அரை விரலாவது தாழ நின்னாத்தான மரியாதை?"

வரிசையே சிரித்தது.

அவன் இறங்கினான். ஒரு சாண் உயரம்கூட இல்லாத மேடை. சுவரைப் பிடித்துக்கொண்டு, முதுகு வளையாமல், ஒரு காலை முதலில் தரையில் வைத்து, மெல்ல அதன் பக்கத்தில் மறு காலையும் கொண்டுவந்து வைத்தான்.

முதுகுக்காக டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்த இறங்கும் விதம் அது.

அப்படியென்றால், மச்சானும் அவரிடம் போயிருக்கிறான்.