பெருமாள் பேர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் நகராட்சிப் படிப்பகத்துக்கு மின்விசிறி வாங்கித் தந்த கிருஷ்ணவேணியிடம், யார் நினைவாக என்று கல்லில் வெட்டுவது எனக் கேட்டார் கல்தச்சர் அப்பாதுரை. செத்துப்போன புருஷன் பெயரையும் அவள் வாயால் சொல்ல மாட்டாள்.

“சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாள் பேருதாம்பா.”

அந்தப் பெருமாளுக்குத் தேவராஜன் என்றும் பெயர், வரதராஜன் என்றும் பெயர். அவள் புருஷன் தேவராஜன். திறப்பு விழாவில் திரையை விலக்கியபோது கல்லில் வரதராஜன் என்று இருந்தது.

மறுநாளிலிருந்து அந்தக் கல்லுக்குக் கீழே ஒருவர் உட்கார்ந்து பேப்பர் படித்தார். அவள் கல்லைப் பார்க்கப் போன அன்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அவள் கூடவே நடந்து வீட்டுக்கு வந்தார். முன்பின் பார்த்திராத முகம். ஆனால் செருப்பைப் புருஷன் வழக்கமாக விடும் மூலையில் விட்டார், துண்டைப் பழைய ஆணியில் மாட்டினார். அவள் உலையில் இன்னொரு ஆழாக்கு அரிசி போட்டாள்.

சாயங்காலம் அப்பாதுரை உளியோடு வாசலுக்கு வந்தார்.

“கல்லுல பேரு தப்பாமே. திருத்திடறேன். இப்பவாவது வாயைத் திறந்து சொல்லும்மா.”

“தேவராஜன்” என்றாள். அது அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

உள்ளே இருமல் சத்தம் கேட்டது.

“யாரும்மா உள்ள? பேரு இன்னா?”

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாள் பேருதாம்பா.”