சீராக வந்த மெஷின்

கோகிலவாணி வாஷிங் மெஷினுக்கு அடியில் காய்ந்த செய்தித்தாளைத் தள்ளிவிட்டு, தரையோடு கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கடையில கழிச்சிப் போட்டதோ. உங்கப்பன் பொறுக்கினு வந்து, மஞ்சத் தடவி, சீருன்னு எறக்கிட்டான்."

மாமியார் ராஜேஸ்வரி கொல்லைப்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்ற குரல்.

கல்யாணத்துக்கு வந்த மெஷின். மூன்று வருடம் ஆகிவிட்டது. வாரண்டியும் முடிந்துவிட்டது. இரண்டு வாரமாகத்தான் ஒழுகுகிறது.

நேற்று வந்த மெக்கானிக் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மேலே இரண்டு தட்டு தட்டி, உள்ளே தண்ணீர் நிற்கிற டப்பு ஓட்டையாகிவிட்டது, பழைய சரக்காக இருக்கும் என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

ராஜேஸ்வரிக்கு அந்த ஒரு வார்த்தை போதும். உடனே கண்ணமங்கலத்துக்குப் போன் போனது. கோகிலவாணியின் அப்பா துரைக்கண்ணு பதினோரு மணி பஸ்ஸில் சந்தவாசலுக்கு வந்து இறங்க வேண்டும். வந்து புது மெஷின் வாங்கித் தருவதாகச் சொல்ல வேண்டும். முடியாதென்றால் மகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ் ஏற வேண்டும்.

கணவன் குணசீலன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அரை மணி நேரமாக ஒரே கண்ணாடியை.

"டிகிரி படிச்சவ இல்ல? படிப்பு ஒழுவறத நிறுத்துதா பாக்கலாம்," என்றாள் ராஜேஸ்வரி.

கோகிலவாணி வாங்கியது இயற்பியல் பட்டம். அவள் வம்சத்தில் முதல் பட்டம். அது இந்த வீட்டுப் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் மூன்று வருடமாகக் கிடக்கிறது.

மெஷினில் தண்ணீர் நிரம்பியது. தாள் நனையவில்லை.

துணி சுற்றியது. அப்போதும் நனையவில்லை. டப்பு ஓட்டை என்றால் நிற்கிற தண்ணீரே கசிந்திருக்க வேண்டும். டப்புக்கு ஒன்றும் இல்லை. மெக்கானிக் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறான்.

சொட்டு நீலத்தை எடுத்து வந்து தண்ணீருக்குள் கவிழ்த்தாள். மூடியைச் சாத்தினாள். தண்ணீரை வெளியேற்றும் பொத்தானை அழுத்தினாள்.

தாளின் பின்விளிம்பில் நீலமாக ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. பிறகு கோடாகவே இறங்கியது.

பிளக்கைப் பிடுங்கினாள். இடுப்பால் முட்டி மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்தினாள். குணசீலன் எழுந்து வரவில்லை.

பின்மூலையில், தண்ணீர் வெளியேறும் சாம்பல் நிறப் பைப்பைக் கிளிப்பில் மாட்டியிருந்த இடத்தில், மூன்று துளைகள். ஊசி நுழையும் அளவு. ஓரம் உருகிக் கருத்திருந்தது. கிளிப்பின் இடுக்கில் கருகிய மூங்கில் குச்சி ஒன்று இன்னும் நின்றுகொண்டிருந்தது.

ஊதுபத்திக் குச்சி. இரண்டு வாரத்துக்கு முன் ஆயுத பூஜைக்குச் செருகியது. அடிவரை எரிந்து பைப்பைச் சுட்டிருக்கிறது.

அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பிடுங்கி எடுத்துக்கொண்டு போய், மாமியாரின் மடியில் போட்டாள்.

"இன்னாடி இது?"

"நீங்கதான் சொல்லணும் அத்தை. ஆயுத பூஜை அன்னிக்கு கட்டு ஊதுபத்தியக் கையில வச்சினு மோட்டாரு, மிக்சி, பைக்குன்னு வூட்ல கீற எல்லாத்துலயும் சொருவினது யாரு? பைப்பு மேலயும் சொருவி ஓட்ட போட்டுட்டு, எங்கப்பனப் பேசறீங்களா?"

ராஜேஸ்வரி குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்றைக்கு எங்கெங்கே செருகினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

பைக் துடைத்த துணி நின்றது.

"ஏம்மா, பைப்பு மேலயா வைப்பாங்க?" என்றான் குணசீலன்.

மூன்று வருடத்தில் அவன் தன் அம்மாவைக் கேட்ட முதல் கேள்வி.

கோகிலவாணி பைப்பில் சுட்ட துண்டை அறுத்து எறிந்தாள். மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு சாண் பிளாஸ்டிக் குழாயும் இரண்டு கிளாம்ப்பும் கொண்டுவந்தாள். இரண்டு முனைகளையும் குழாயில் செருகி, திருப்புளியால் இறுக்கினாள். அடியில் புதுத் தாளை விரித்து மெஷினை ஓட விட்டாள். தண்ணீர் முழுக்க வெளியேறியது.

தாளில் ஒரு சொட்டு இல்லை.

"உங்கப்பாவுக்கும் சேத்து ஒல வச்சிடு," என்றாள் ராஜேஸ்வரி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

கோகிலவாணி உலையை ஏற்றினாள். கையைத் துடைத்துக்கொண்டு, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று போனில் போட்டோக்களைத் திறந்தாள். ஆயுத பூஜை நாளுக்குத் தள்ளிக்கொண்டே போனாள்.

அன்றைக்கு அப்பா பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு மகளைப் பார்க்க வந்திருந்தார். ராஜேஸ்வரி அப்போது கொல்லை மோட்டாருக்குப் படைக்கப் போயிருந்தாள்.

படத்தில் அப்பா மெஷினுக்கு முன்னால் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறார். மெஷினின் பின்மூலையில், பைப்பு கிளிப்பில், மூன்று ஊதுபத்திகள் புகைந்துகொண்டிருக்கின்றன. செருகியதும் அவர்தான். என் பொண்ணு மெஷினோட ஒரு போட்டோ எடும்மா என்று கேட்டதும் அவர்தான்.

அழித்தாள்.

முப்பது நாள் கழித்து முழுதாக அழிந்துவிடும் என்றது போன்.

அவள் காத்திருக்கவில்லை. போனின் குப்பைத்தொட்டியைத் திறந்து அங்கேயும் அழித்தாள்.