ஞாயிற்றுக்கிழமைத் தீவு

“இங்க சுத்தியும் தண்ணிங்கம்மா. தீவுல இந்த ஒரு பாறையிலதான் டவர் கெடைக்குது. அதான் வாரத்துக்கு ஒருக்கா கூப்புடறேன்.”

கவியரசன் செல்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். கைக்கடிகாரம் இரண்டரை காட்டியது.

“சாப்ட்டயா கண்ணு?” என்றாள் அம்மா மாராயி.

“ஆச்சுங்கம்மா. மீன் கொழம்பு.”

சாப்பிட்டது வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு. பாறை மட்டும்தான் நிஜம். அது அவன் வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்ன பிரெஞ்சுக்காரர் தீவில் இல்லை; கொல்லிமலையில், அரியூர் நாட்டுக்கு மேலே இருந்தது. சிக்னல் கொடுத்த டவர் கீழே சேந்தமங்கலத்தில், அம்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த அதே ஊரில் நின்றது.

உண்மையான மணி நான்கு. தீவு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும் என்று ஏஜென்ட் சொன்னதைக் கேட்டு, பிளைட் ஏறும் முன்பே ஆசையாய்த் திருப்பி வைத்த கடிகாரம் அது. சென்னைக்குப் போய்ப் பார்த்தால் ஏஜென்ட் ஆபீஸில் பூட்டு தொங்கியது.

மாராயி கிணற்று மேட்டுக் காட்டை விற்று அனுப்பியிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் சொந்தபந்தம் அத்தனையும் வந்து மாலை போட்டது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு திரும்புவது? பஸ் மாறி மலையேறிவிட்டான். எட்டு மாதமாய்க் கிழங்கு பிடுங்கி லாரியில் ஏற்றுகிறான். லோடு ஏற்றுவானே ஒழிய, ஒரு நாளும் லாரியோடு கீழே போனதில்லை. லாரி ஜவ்வரிசி மில்லுக்குப் போவதே அவன் வீட்டு வாசல் வழியாகத்தான்.

முதல் மாதம் போனை வைத்ததும் அழுவான். இப்போது அழுகையும் இல்லை, வெட்கமும் இல்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய்விட்டது. யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற மாதிரி பேசுவான். நம்மூர் சிம்மே தீவிலும் ஓடுகிறது, அதற்குப் பேர் ரோமிங், நீங்கள் கூப்பிடக் கூடாது என்று முதல் வாரமே சொல்லி வைத்திருந்தான்.

தங்கை ராதிகா போனை வாங்கினாள். “அண்ணா, நீ நெட்டுல அனுப்புன போட்டோ வந்துருச்சு. கடலு ஏன் இப்பிடி வெள்ள வெளேர்னு கெடக்குது?”

காலையில் பள்ளத்தை மூடிக் கிடந்த பனியைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். அந்த போன் காமிராவுக்குப் பனியும் ஒன்றுதான், கடலும் ஒன்றுதான்.

“இந்தப் பக்கத்துக் கடலே அப்பிடித்தான். அம்மாகிட்டக் குடு.”

அந்த நேரம் பார்த்துப் பாறைக்குக் கீழே ரோட்டு வளைவில் ஒரு சத்தம் கிளம்பியது. லாரி டிரைவர் செல்லமுத்து சேலத்தில் சொல்லிச் செய்து, காலையில்தான் மாட்டிய ஹாரன். மாடு கத்துவதில் ஆரம்பித்து, நாதஸ்வரமாய் இழுத்து, விக்கலில் போய் முடியும். ‘ஜில்லாவுலயே வேற வண்டிக்குக் கெடையாது’ என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தான் மனுஷன்.

“அதென்ன கண்ணு சத்தம்?”

நாக்கு தானாகவே புரண்டது. “கப்பலுங்கம்மா. தொறமுகத்துக்கு வருது.”

“கப்பலு இப்பிடியா கத்தும்?”

“பெரிய கப்பலுங்கம்மா.” சொல்லும்போதே இருமல் வந்தது.

“ஏஞ்சாமி இருமற? அங்க குளுருங்களா?”

“தீவுல ஏதுங்கம்மா குளுரு? வெயில் கொளுத்துது. வெக்கறேனுங்க.”

போனை வைத்துவிட்டுக் கிழங்குச் சாக்கை எடுத்துப் போர்த்திக்கொண்டான். தை மாதத்துப் பனி அப்போதே இறங்க ஆரம்பித்திருந்தது. லாரி ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டே கீழே போனது. அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை, காலி லாரியோடு மேலே வந்த செல்லமுத்து ஒரு துணிப்பையைத் தூக்கிப் போட்டான்.

“இந்தாடா கவியரசா, உனக்குத்தான்.”

பைக்குள் ஒரு கம்பளி. ஓரத்தில் பீடி நெருப்புப் பட்ட ஓட்டை. செத்துப்போன அப்பாவின் கம்பளி. கவியரசன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.  

“யாருங்கண்ணா குடுத்தாங்க?”

“நேத்துப் பொழுது எறங்கற நேரம், சேந்தமங்கலத்துக்குள்ள ஹாரன் அடிச்சுக்கிட்டே போனேன். ஒரு அம்மா ஊட்டுக்குள்ள இருந்து ஓடியாந்து வண்டிய மறிச்சுருச்சு. இன்னொருக்கா அடிங்கன்னுச்சு. அடிச்சேன். எங்கிருந்து வாரீங்கன்னு கேட்டுச்சு. கொல்லிமலைன்னேன். ஊட்டுக்குள்ள போயி இதைக் கொண்டாந்து, கவியரசன் இருந்தாக் குடுங்கன்னுச்சு. யாருடா அது?”

கவியரசன் கம்பளியின் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தான். “வேற ஏதாச்சும் சொன்னாங்களா?”

செல்லமுத்து தலையைச் சொறிந்தான்.

“எனக்கு ஒண்ணும் வெளங்கலடா. என்ர லாரியத் தொட்டுப் பாத்துட்டு, ‘அடுத்த நடை வாரப்ப, உங்க கப்பல்ல என்ர பையனையும் ஏத்திக்கிட்டு வந்துருங்க சாமி’ன்னுச்சு.”