இருமலோடு சொல்லுங்க

வெட்டுவதற்கு முடியே இல்லாத தலையோடு அவன் மறுபடியும் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். சலூன்காரர் ரேடியோவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, பெஞ்சில் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள், இவனுக்கு இப்போதுதான் நேரம் கிடைத்ததா?

"போன வாரம்தானே தம்பி வெட்டினோம்?"

"சும்மா ஓரத்தை மட்டும் சரி பண்ணுங்கண்ணே."

ஓரமாவது மூலையாவது! இவன் எதற்கு வந்திருக்கிறான் என்பது ரேடியோவுக்கும் தெரியும், அடுத்த நாற்காலியில் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த அவருடைய மச்சினனுக்கும் தெரியும். துணியைக் கழுத்தில் கட்டி முடிப்பதற்குள் கேட்டேவிட்டான்.

"அண்ணே, அப்பா அன்னைக்குக் கடைசியா என்ன சொன்னாரு?"

எல்லாம் ரேடியோ தன் வாயாலேயே தேடிக்கொண்ட வினை. கத்தரியைக் கையில் எடுத்தால் அவருக்கு வாய் நிற்காது. கேள்வியும் அவரே, பதிலும் அவரே. வந்தவர் இருமினால் உண்டு, மற்றபடி இடையில் நுழைய வழியே கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயரை ஊர் மறந்து, ரேடியோ என்றே ஆகிவிட்டது.

இவனுடைய அப்பாவும் அப்படி வந்துபோன வாடிக்கையாளர்தான். எவ்வளவு வெட்ட வேண்டும் என்று விரலால் காட்டுவார். ரேடியோ அரசியலிலிருந்து மூட்டுவலி வரைக்கும் அளந்து தள்ளுவதைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். நடுநடுவே ஒரு வறட்டு இருமல். அன்றைக்கும் அப்படித்தான் வெட்டிக்கொண்டு, ரேடியோவின் தோளில் தட்டிவிட்டுக் கிளம்பினார். தெருமுனையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் சாய்ந்தவர்தான்.

காரியமெல்லாம் முடிந்து இவன் வந்து நின்றான், அழுது வீங்கிய முகத்தோடு. "கடைசியா உங்க கடையிலதான் இருந்தாரு. எப்படி இருந்தாருண்ணே?"

நல்லா இருந்தார் என்று சொல்லி அனுப்பியிருந்தால் தொல்லை அன்றோடு விட்டிருக்கும். அந்த முகத்தைப் பார்த்து ரேடியோவுக்கு மனசு கேட்கவில்லை. "உங்களைப் பத்தித்தான் பேச்சு தம்பி. 'எம் பையன் தங்கம், அவன் இருக்கிற வரைக்கும் எனக்கு என்ன கவலை'ன்னாரு."

அவன் திறந்த வாய் மூடாமல் பார்த்தான். "சொன்னாரா? எந்தக் குரல்ல சொன்னாரு?"

துக்கத்தில் இருப்பவன் எதையெதையோ கேட்பான்தான். ரேடியோ தொண்டையைச் செருமி, முதலில் அந்த வறட்டு இருமலைப் போட்டு, கட்டைக் குரலில் அப்படியே பேசிக் காட்டினார்.

"இருமல் அச்சு அசல் எங்கப்பாதாண்ணே," என்று சொல்லிவிட்டு அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அதிலிருந்து ஒரு வாரம் தப்பவில்லை. ஒரே வசனத்தைச் சொல்லிச் சொல்லி ரேடியோவுக்கு வாய் புளித்துப்போயிற்று. கொஞ்சம் சுருக்கிச் சொன்னாலும் ஆள் விடுவதில்லை. "இருமலோட சொல்லுங்கண்ணே" என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்துவிடுவான்.

இப்போதும் பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்து எதிர்க்கடைக்கு நடந்தார்கள். மச்சினன் பக்கத்தில் வந்து காதைக் கடித்தான். "மாமா, பேசாம கடையை மூடிட்டு நாடகம் போடப் போயிடலாமா?"

ரேடியோவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பிழைப்பு போவது ஒரு பக்கம். செத்துப்போன மனுஷன் சொல்லாத சொல்லை இவன் இப்படிப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டிருக்கிறானே, பொய் என்று தெரிந்தால் நொறுங்கிப்போவானே என்ற உறுத்தல் இன்னொரு பக்கம். எப்படியாவது இன்றோடு இவனைக் கத்தரித்துவிட வேண்டும். யோசித்ததில் ஒரு வழிதான் தோன்றியது.

"தம்பி, மனசு கஷ்டப்படுவீங்களேன்னு இத்தனை நாள் மறைச்சுட்டேன். உங்கப்பா உங்களைத் திட்டிட்டுத்தான் போனாரு."

அவன் சட்டென்று நிமிர்ந்தான். கத்தரி காதில் படாமல் தப்பியது அவன் நல்ல நேரம்.

"திட்டினாரா?"

"ஆமா!" ரேடியோ ஓர் இருமலைப் போட்டார். இத்தனை வாரத்து எரிச்சலும் சேர்ந்து, கட்டைக் குரல் தானாகவே வந்தது. "'சோம்பேறிப் பய! சொன்ன பேச்சு கேக்கறதில்ல, நேரத்துக்குச் சாப்பிடறதில்ல, விடிஞ்சா எந்திரிக்கறதில்ல. இவனைப் பெத்து நான் என்னத்தைக் கண்டேன்!'"

மச்சினனின் கத்தி பாதிக் கன்னத்திலேயே நின்றது.

ரேடியோ துணியின் முடிச்சில் கை வைத்துக் காத்திருந்தார். கோபித்துக்கொண்டு எழுந்து போவான், இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டான். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் வேறு வழியில்லை.

அவன் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னும் கொஞ்சம் திட்டுங்கண்ணே. அதே குரல்ல."

ரேடியோவுக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போயிற்று. கத்தரியை மேஜைமேல் டமாரென்று போட்டார்.

"என்ன தம்பி, விளையாடறீங்களா? அப்பன்கிட்டத் திட்டு வாங்காத பிள்ளை எங்கயாவது உண்டா? உங்கப்பா திட்டி நீங்க கேட்டதே இல்லியா?"

"எங்கப்பாவுக்குப் பிறவியிலேயே பேச்சு வராதுண்ணே."